சின்னத் தீவு, பெரிய கப்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பலில் டெக் வேலை பார்த்தவன் என்று தெரிந்துவிட்டால் போதும், யாரைச் சந்தித்தாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். டிக்கெட் போட்டுவிட்டு "தீவில் இறங்கவே விட மாட்டார்களாமே" என்று பதறுபவர்கள் ஒரு பக்கம். "அந்தத் தீவில் குரூஸ் கப்பலுக்குத் தடையாம், வருகிற காசை யாராவது வேண்டாம் என்பார்களா" என்று வாதத்துக்கு வருபவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்புக்கும் சேர்த்து, கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். முதலில் பயணிகளுக்கானவை, போகப் போகச் சிக்கலானவை.

உதாரணத்துக்கு அடிக்கடி வரப்போவது செயின்ட் பார்த்ஸ். கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான தீவு. பரப்பு சுமார் 25 சதுர கிலோமீட்டர். விமான ஓடுபாதை 650 மீட்டர் அளவுதான் என்பதால் இருபது பேர் அளவுக்கு ஏற்றும் குட்டி விமானங்களே இறங்க முடியும். பெரும் பணக்காரர்களின் விடுமுறை இடம் என்று பெயர் வாங்கியதற்கு இந்த ஓடுபாதையும் ஒரு காரணம்.

1. இந்தக் கப்பல் ரெண்டரை லட்சம் டன்னுங்கறாங்களே, அவ்வளவு எடையா?

எடை இல்லை. குரூஸ் கப்பலுக்குச் சொல்லும் டன் கணக்கு, கப்பலுக்குள் மூடப்பட்ட இடம் எவ்வளவு என்பதை வைத்துப் போடுவது. 2024-இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலுக்கு அந்தக் கணக்கு 2,48,663. நீளம் சுமார் 365 மீட்டர். கேபினுக்கு இருவர் வீதம் 5,610 பயணிகள். எல்லாப் படுக்கையும் நிறைந்தால் 7,600. ஊழியர்கள் 2,350 பேர் தனி.

தீவுக்காரர்கள் பார்ப்பது டன்னை அல்ல, ஆள் எண்ணிக்கையை. செயின்ட் பார்த்ஸில் குடியிருப்பவர்களே சுமார் 11,000 பேர். மேலே சொன்ன கப்பல் நிறைந்து வந்தால், ஊழியர்களையும் சேர்த்து 9,950 பேர்.

2. தீவுக்குப் போகுதுன்னு டிக்கெட்ல இருக்கு. ஆனா நடுக்கடல்லயே நிக்கும்னு சொல்றாங்க. ஏன் கரைக்கு வராது?

வர இடமில்லை. பெரிய கப்பலின் அடிப்பாகம் எட்டு, ஒன்பது மீட்டர் ஆழம் வரை தண்ணீருக்குள் இருக்கும். அந்த ஆழம் வேண்டும், முந்நூறு மீட்டர் நீளத்தைத் திருப்புகிற அகலமும் வேண்டும். செயின்ட் பார்த்ஸின் குஸ்டாவியா துறைமுகம் பாய்மரப் படகுகளும் யாட் எனப்படும் சொகுசுப் படகுகளும் நிற்கிற அளவுள்ளது. குரூஸ் கப்பல் வந்தால் வெளியே நங்கூரம் போட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்கும். இந்தப் படகுகளைத்தான் டெண்டர் என்பார்கள். ராட்சதக் கப்பல்கள் இந்தப் பக்கமே வருவதில்லை. நீண்ட கப்பல்துறை உள்ள பக்கத்துத் தீவான சின்ட் மார்ட்டனின் பிலிப்ஸ்பர்க்குக்குப் போய்விடும்.

தீவுக்குத் தீவு காரணம் மாறும். பசிபிக் கடலிலுள்ள போரா போராவைப் பவளப்பாறை வளையம் சுற்றியிருக்கிறது. கப்பல் நுழைய தேயவானுய் என்ற ஒரே வழிதான். அதற்குள் புகுந்து, காயலில் நங்கூரம் போட்டு, வைட்டாபே என்ற ஊருக்குப் படகு விடுவார்கள். கிரீஸின் சான்டோரினித் தீவில் சிக்கலே நேர்மாறு. அது எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளம், பெரும்பாலான இடத்தில் நங்கூரம் எட்டாத ஆழம். கப்பல்கள் எஞ்சினை ஓட்டியபடியே ஒரே இடத்தில் நின்று சமாளிக்கின்றன.

3. டெண்டர் படகுல ஏறணும்னா பயமா இருக்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி வேற. முடியுமா?

கடல் அமைதியாக இருந்தால் பெரும்பாலோருக்கு முடியும். எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவு திறக்கும். வெளியே ஒரு மேடை. அதை ஒட்டி, ரப்பர் தடுப்புகளில் உரசியபடி படகு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் ஊழியர் நின்று உங்கள் முன்கையைப் பிடிப்பார். கைவிரலைப் பிடிக்க மாட்டார், வழுக்கும். படகு அலையோடு மேலே வந்து மேடைக்குச் சமமாகும் அந்த நொடியில் "இப்போ" என்பார். அப்போது ஓர் எட்டு எடுத்து வைத்தால் போதும். நீங்களாகக் குதிக்கக் கூடாது. நான் பார்த்த சறுக்கல்கள் எல்லாம் ஊழியர் சொல்வதற்கு அரை நொடி முன்னால் கால் வைத்தவர்களுடையவை.

அம்மாவால் ஒரு படி உயரம் தானே ஏறி இறங்க முடிந்தால் பிரச்சினை இல்லை. சக்கர நாற்காலி என்றால் கப்பலுக்குக் கப்பல் விதி மாறும். எடை கூடிய மின்சார நாற்காலியைப் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். முன்பதிவின்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி வாங்கியிருந்தாலும் அன்றைய அலையைப் பார்த்துக் கடைசி நேரத்தில் மறுக்க ஊழியருக்கு உரிமை உண்டு.

4. காலை எட்டு மணிலருந்து சாயங்காலம் அஞ்சு வரைன்னா, ஒன்பது மணி நேரம் தீவுல இருக்கலாம்தானே?

அட்டவணையில் அப்படித்தான் இருக்கும். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 3,000 பயணிகள், நான்கு படகுகள், படகுக்கு 100 பேர், போய்த் திரும்ப அரை மணி. மணிக்கு 800 பேர்தான் கரையேற முடியும். எல்லாரும் இறங்க நான்கு மணி நேரம் ஆகும். திரும்பவும் அதே வரிசை.

முதல் படகுகள் கப்பல் மூலம் சுற்றுலா பதிவு செய்தவர்களுக்கும் விலை உயர்ந்த கேபின்காரர்களுக்கும் போய்விடும். மற்றவர்கள் எண் சீட்டு வாங்கி ஏதாவது அரங்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கரையில் ஐந்து மணி நேரம் கிடைத்தால் நல்ல நாள்.

5. வெயில் பளிச்சுனு அடிச்சுது, காத்தே இல்லை. ஆனா கேப்டன் தீவு கேன்சல்னுட்டார். பணம் திரும்பி வருமா?

வெயிலுக்கும் அலைக்கும் சம்பந்தமில்லை. எங்கோ தொலைவில் அடித்த புயலின் நீண்ட அலை, காற்றே இல்லாத நாளிலும் வந்து சேரும். கப்பலில் நிற்கிற உங்களுக்கு அது தெரியாது. கீழே மேடையில் படகு ஒன்றரை மீட்டர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். காலையில் ஆட்களை இறக்கிவிட்டு மாலையில் ஏற்ற முடியாமல் போவதுதான் கேப்டனின் பெரிய பயம். 2,000 பேர் இரவு தங்க அந்தத் தீவில் அறைகளே இருக்காது. காலையிலேயே வேண்டாம் என்று சொல்லும் கேப்டன் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

பணத்தைப் பொறுத்தவரை, டிக்கெட்டின் பின்பக்கத்து நிபந்தனையில் வழியை மாற்றும் உரிமை கப்பல் நிறுவனத்துக்கு இருக்கும். அந்தத் துறைமுகத்துக்காக வாங்கிய வரியும் கட்டணமும் பொதுவாக உங்கள் கப்பல் கணக்கில் திரும்ப வரவாகும். கப்பல் மூலம் பதிவு செய்த சுற்றுலாவுக்கும் காசு வந்துவிடும். நீங்களே வெளியில் பேசி வைத்த டாக்சிக்கோ படகுக்கோ நீங்களேதான் பேசி வாங்க வேண்டும்.

6. லேட்டாயிட்டா கப்பல் விட்டுட்டுப் போயிடுமா?

போய்விடும். கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் மட்டும் காத்திருப்பார்கள். நேரம் தாண்டியும் ஆளைக் காணோம் என்றால், கேபின் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுக ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு நங்கூரம் தூக்குவது வழக்கம். அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் பறந்து போய்ச் சேர வேண்டும். செயின்ட் பார்த்ஸ் மாதிரி இடத்தில் அந்த விமானத்தில் சீட்டு கிடைப்பது தனிக்கதை.

7. ஒரே நாள்ல மூவாயிரம் பேர் வந்து இறங்கினா தீவுக்கு வருமானம்தானே? எதுக்கு எதிர்க்கிறாங்க?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. எனவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கப்பல் பயணி காலை உணவைக் கப்பலில் முடித்துவிட்டு இறங்குகிறார். இரவு உணவுக்குத் திரும்பிவிடுவார். படுக்கையும் கப்பலில்தான். ஆக ஒரு சுற்றுலாப் பயணி வழக்கமாகச் செய்யும் செலவில் பெரும்பகுதியான தங்கும் அறையும் சாப்பாடும் தீவுக்குக் கிடையாது. மிச்சம் டாக்சி, நினைவுப்பொருள், நகைக்கடை, அரை நாள் சுற்றுலா. அந்தச் சுற்றுலாவையும் கப்பலில் பதிவு செய்திருந்தால் ஒரு பங்கு கப்பல் நிறுவனத்துக்குப் போகும். துறையை ஒட்டிக் கடை வைத்திருப்பவருக்கும் டாக்சிக்காரருக்கும் கப்பல் நாள் நல்ல நாள்தான். அதை நான் மறுக்கவில்லை. அவர்களில் பலர் கப்பலுக்கு ஆதரவாகவே ஓட்டுப் போடுகிறார்கள். ஊருக்குள் இருப்பவருக்கு மிஞ்சுவது நெரிசல், குப்பை, தண்ணீர்த் தட்டுப்பாடு.

அடுத்தது நேரம். ஆண்டுக்கு இத்தனை லட்சம் பேர் என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தீவை நெரிப்பது ஆண்டுக் கணக்கு அல்ல, மணிக் கணக்கு. சான்டோரினியில் கப்பல் பயணிகள் இறங்கும் பழைய துறையிலிருந்து ஃபிரா ஊர் செங்குத்தாக மேலே இருக்கிறது. ஏற ஒரு கேபிள் கார், இல்லாவிட்டால் 588 படிகள், அல்லது அதே படிகளில் கழுதை. ஐந்து கப்பல் ஒரே காலையில் வந்தால் எல்லாரும் அந்தக் கேபிள் கார் வாசலில்தான் நிற்பார்கள். அதே ஐந்து கப்பலும் வாரத்தில் ஐந்து நாளாகப் பிரிந்து வந்தால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். ஆண்டுக் கணக்கு இரண்டிலும் ஒன்றேதான்.

செயின்ட் பார்த்ஸ் மாதிரித் தீவுகளுக்கு மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. அங்கே விற்பனைக்கு இருப்பதே கூட்டம் இல்லாமை. வில்லாவுக்கு வாரக்கணக்கில் பெரும் வாடகை கொடுப்பவர், கடற்கரையில் கப்பல் கூட்டத்தைப் பார்த்தால் அடுத்த ஆண்டு வேறு தீவுக்குப் போய்விடுவார். இதையே பணக்காரத் தீவு செய்தால் தொலைநோக்கு என்கிறோம். வசதியில்லாத தீவு கப்பலை மறுத்தால் பிழைக்கத் தெரியாதவர்கள் என்கிறோம். இந்த இரட்டைப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை.

8. நிஜமாவே கட்டுப்பாடு வெச்சிருக்கற தீவுகள் எது எது?

போரா போரா: 2022 முதல் நாளொன்றுக்கு 1,200 கப்பல் பயணிகள். அதனால் பெரிய கப்பல்களின் காலம் அங்கே முடிந்தது. அங்கே குடியிருப்பவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம்.

சான்டோரினி: நாளொன்றுக்கு 8,000 என்று உச்சவரம்பு. பதினையாயிரம் பேர் சொச்சம் வாழும் தீவுக்கு இதுவே அதிகம் என்பது என் எண்ணம். ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலுள்ள பால்மா நகரம் 2022 முதல் நாளொன்றுக்கு மூன்று கப்பல்கள், அவற்றில் ஒன்று மட்டுமே 5,000 பேருக்கு மேல் ஏற்றுவதாக இருக்கலாம் என்று கப்பல் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் மவுன்ட் டெசர்ட் தீவிலுள்ள பார் ஹார்பர் ஊர்மக்கள் 2022 நவம்பரில் நாளொன்றுக்கு 1,000 பேர் என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். உடனே வழக்கு வந்தது.

எல்லாவற்றிலும் கறார், ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகள். கப்பலே 100 பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. இறங்கினாலும் ஒரு வழிகாட்டிக்கு 16 பேர்தான். ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவு வேறு வழியில் போகிறது: எப்படி வந்தாலும் சரி, தீவில் ஒரே சமயத்தில் 400 சுற்றுலாப் பயணிகள்தான்.

9. தடை போட்டாச்சுன்னு செய்தி வந்துச்சு. ஆனா கப்பல் இன்னும் வந்துட்டுத்தானே இருக்கு?

கப்பல் நிறுவனங்கள் ஒன்றரை, இரண்டு ஆண்டு முன்னதாகவே பயணத்திட்டத்தை வெளியிட்டு டிக்கெட் விற்றுவிடுகின்றன. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வருகைகளை ரத்து செய்தால் நஷ்டஈட்டு வழக்கு வரும். அதனால் புதிய விதி பெரும்பாலும் இனி பதிவாகும் வருகைகளுக்குத்தான். இன்று போட்ட கட்டுப்பாடு துறையில் கண்ணுக்குத் தெரிய இரண்டு பருவம் ஆகலாம்.

10. கப்பல் கடல்லதானே நிக்குது? கடல் யாருக்கும் சொந்தமில்லையே, தீவு எப்படித் தடுக்கும்?

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் ஆட்சிக்கடல். 1982-இன் ஐநா கடல் சட்ட ஒப்பந்தப்படி, வேற்று நாட்டுக் கப்பல் அதன் வழியே தொந்தரவில்லாமல் கடந்து போகலாம். கடந்து போவது வேறு, நிற்பது வேறு. ஆபத்து நேரம் போன்ற காரணம் இல்லாமல் நங்கூரம் போடவும் ஆளை இறக்கவும் அனுமதி வேண்டும். தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தபடி போகும் கப்பலைத் தீவால் தடுக்க முடியாது. படகை இறக்கினால் தடுக்கலாம்.

ஆனால் "தீவு" என்றால் யார்? அங்கேதான் சண்டையே. ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் தீவு மக்கள் 2020 நவம்பரில் மூன்று தீர்மானங்களுக்கு ஓட்டுப் போட்டார்கள்: 1,300 பேருக்கு மேல் கொள்ளும் கப்பல் வரக் கூடாது, நாளொன்றுக்கு 1,500 பேருக்கு மேல் இறங்கக் கூடாது, சுற்றுச்சூழல் நடத்தை நன்றாக உள்ள கப்பலுக்கே முன்னுரிமை. மூன்றும் பெரிய வித்தியாசத்தில் வென்றன. அடுத்த ஆண்டே மாநில அரசு ஒரு சட்டம் போட்டு அந்த ஓட்டைச் செல்லாததாக்கியது. பிறகு நகர நிர்வாகம் தன் கையிலிருந்த இரண்டு துறைகளைப் பெரிய கப்பல்களுக்கு மூடியது. தனியார் நடத்தும் மூன்றாவது துறைக்குக் கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன.

பார் ஹார்பர் கதை வேறு மாதிரி. அங்கே கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் 2024-இல் ஊரின் பக்கம் நின்றது. செயின்ட் பார்த்ஸ் 2007-இல் இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பிலிருந்து பிரிந்து தனி நிர்வாகம் பெற்றது; அதனால் துறைமுக முடிவு அதன் கையிலேயே இருக்கிறது. மக்கள் விருப்பம் எல்லாத் தீவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வருகை அட்டவணைக்குக் கையெழுத்துப் போடும் பேனா யார் கையில் என்பதே வித்தியாசம்.

11. தலைக்கு இவ்வளவுன்னு வரி போட்டுட்டா கூட்டம் தானா குறைஞ்சிடாதா?

காசு வரும், கூட்டம் குறையாது. கிரீஸ் 2025 ஜூலை முதல் கப்பல் பயணிகளிடம் கட்டணம் வாங்குகிறது. சான்டோரினி, மிக்கனோஸ் இரண்டுக்கும் உச்ச பருவத்தில் தலைக்கு 20 யூரோ. குளிர்காலத்தில் 4 யூரோ. ஆயிரக்கணக்கில் செலவு செய்து வருபவர் 20 யூரோவுக்காகப் பயணத்தைக் கைவிட மாட்டார். பெரும்பாலோருக்கு அப்படியொரு கட்டணம் இருப்பதே தெரியாது. டிக்கெட்டில் "வரியும் கட்டணமும்" என்ற வரியில் கரைந்துவிடும்.

பருவத்துக்கு ஏற்ப மாறும் விலை கப்பல் நிறுவனத்தை யோசிக்க வைக்கலாம் என்பது ஒன்றுதான் இதில் எனக்குத் தெரியும் நன்மை. கலாபகோஸ் 2024 ஆகஸ்டில் வெளிநாட்டவர் நுழைவுக் கட்டணத்தை 100 டாலரிலிருந்து 200 டாலராக்கியது. ஆனால் அங்கே கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது அந்த 200 டாலர் இல்லை, 8-வது பதிலில் சொன்ன 100 பேர் விதி.

12. கப்பல்காரங்க கக்கூஸ் தண்ணியெல்லாம் தீவுப் பக்கத்துலயே விட்டுடுவாங்களாமே?

சுத்திகரிக்காத கழிவை நங்கூரத்தில் நிற்கும்போது விட முடியாது. மார்போல் என்ற உலக ஒப்பந்தம் இருக்கிறது. அரைத்துக் கிருமி நீக்கிய கழிவென்றால் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால். சுத்திகரிக்காதது என்றால் 12 கடல் மைலுக்கு அப்பால், அதுவும் குறைந்தது 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் ஓடிக்கொண்டே, கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாக. பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும் போடக் கூடாது.

ஓட்டை இருக்கும் இடம் வேறு. குளியலறை, சமையலறை, சலவை நீரைப் பற்றி மார்போல் எதுவும் சொல்வதில்லை; அந்தந்த நாடு விதி போட்டால்தான் உண்டு. புகையும் அப்படி. 2020 முதல் எரிபொருளில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் கூடாது. ஆனால் மலிவான எரிபொருளையே எரித்து, புகையைக் கடல்நீரால் கழுவி, கழுவிய நீரைக் கடலில் விடும் கருவியைப் பொருத்திக்கொண்டால் விதிப்படி சரி. பல துறைமுகங்கள் அந்தக் கருவியை உள்ளே இயக்கத் தடை விதித்திருப்பது இதனால்தான்.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். துறையில் கட்டிய கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் தரலாம், எஞ்சினை அணைக்கலாம். 2-வது பதிலில் பார்த்த தீவுகளில் கப்பல் வெளியே நிற்பதால் அந்த வழியே இல்லை. ஏசி முதல் நீச்சல்குளம் வரை எல்லாவற்றுக்கும் எஞ்சின் பகல் முழுவதும் ஓடும்.

13. அப்ப சின்னக் கப்பல்ல போனா பாவம் இல்லைதானே?

கூட்டத்துக்கு நல்லது. கடலுக்கும் நல்லது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 2017 மார்ச்சில் இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் தீவுகளில் கலிடோனியன் ஸ்கை என்ற கப்பல், நீர் வற்றிய நேரத்தில் பவளப்பாறை மேல் ஏறிவிட்டது. நூற்றுச் சொச்சம் பயணிகளை ஏற்றிய, 4,200 டன் கணக்கே உள்ள சிறு கப்பல். அது தரைதட்டியதில் சேதமான பாறைப் பரப்பு 13,000 சதுர மீட்டருக்கு மேல்.

சின்னக் கப்பலின் கவர்ச்சியே பெரியது போகாத இடத்துக்குப் போவது. அங்கேதான் கடல் வரைபடம் பழையதாகவும் பாறை அருகிலும் இருக்கும். பெரிய கப்பலோ நாலு பேர் போன தடத்தில்தான் போகும். அதன் நங்கூரச் சங்கிலி நிற்கிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப உழுது நாசம் செய்யும்.

14. பெரிய கப்பல்துறை கட்டிட்டா டெண்டரும் வேண்டாம், நங்கூரமும் வேண்டாம். ஏன் கட்ட மாட்டேங்கறாங்க?

கட்டலாமா என்று கரீபியனின் கிராண்ட் கேமன் தீவு பல ஆண்டுகள் சண்டை போட்டது. தலைநகர் ஜார்ஜ் டவுனில் கப்பல்கள் வெளியே நிற்கும், உள்ளூர்ப் படகுகள் பயணிகளைக் கொண்டுவரும். துறை கட்டக் கடலடியைத் தோண்ட வேண்டும், அங்கே பவளப்பாறை. 2019-இல் மக்களே கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்பு கேட்டார்கள். கடைசியில் 2025 ஏப்ரல் 30 அன்று பொதுத்தேர்தலோடு சேர்த்துக் கேட்கப்பட்டபோது பெரும்பான்மையினர் வேண்டாம் என்றார்கள்.

பாறையைத் தாண்டி எனக்கு ஒரு காரணம் படுகிறது. டெண்டர் படகுதான் இயற்கையான மடை. 4-வது பதிலின் கணக்கைப் பாருங்கள்: மணிக்கு 800 பேர். துறை கட்டினால் ஒரு மணி நேரத்தில் மூவாயிரமும் கரையில் இருக்கும். அடுத்த கப்பல் இன்னும் பெரியதாக வரும்.

15. கோடீஸ்வரங்க யாட் மட்டும் வரலாம், நாங்க வரக்கூடாதா? இது என்ன நியாயம்?

கேள்வி நியாயமானது. புத்தாண்டு சமயத்தில் குஸ்டாவியாவைச் சுற்றி மிகப்பெரிய யாட்டுகள் வரிசை கட்டி நிற்கும். வாடகை யாட்டில் வழக்கமாக 12 விருந்தினர்தான். அதற்கு மேல் ஏற்றினால் உலக விதிப்படி அது பயணிகள் கப்பல் ஆகிவிடும். அந்தப் பன்னிரண்டு பேருக்கு அவர்களைவிட அதிக ஊழியர்கள். ஆள் கணக்கில் எரிபொருளை வகுத்தால் குரூஸ் பயணி யாட்காரர் முன்னால் துறவி.

ஆகவே கப்பலுக்கு வரம்பு போடும் தீவு "புவி வெப்பத்துக்காக" என்று சொன்னால் நம்பாதீர்கள். அது தெரு நெரிசலுக்காகவும், 7-வது பதிலில் சொன்ன வியாபாரத்துக்காகவும். அதை வெளிப்படையாகச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தன் வீட்டுக்குள் எத்தனை பேர் வரலாம் என்று முடிவு செய்ய ஊருக்கு உரிமை உண்டு. அதற்குச் சுற்றுச்சூழல் வேஷம் தேவையில்லை.

16. கப்பல் கம்பெனிங்களே தீவு வாங்கி வெச்சிருக்காங்களே, அது நல்ல தீர்வுதானே?

பஹாமாஸில் நார்வீஜியன் நிறுவனம் 1977-இலேயே கிரேட் ஸ்டிரப் கே தீவைப் பயன்படுத்தத் தொடங்கியது. டிஸ்னி 1998-இல் காஸ்ட்அவே கே தீவில் ஆரம்பத்திலிருந்தே துறை கட்டிக்கொண்டது. அங்கே ஊர் இல்லை, எதிர்க்க ஆளில்லை, நெரிசலை அளந்து விடலாம். பயணிக்கு வசதி. ஆனால் கடையும் குடையும் நாற்காலியும் கப்பல் நிறுவனத்துடையவை. நாட்டுக்கு வரியும் சில வேலைவாய்ப்பும். டாக்சிக்காரருக்கு ஒன்றுமில்லை.

17. தீவுக்காரங்களே கப்பலுக்கு ஏறி வந்து கடை போடற இடம் இருக்காமே?

பிட்கேர்ன். பசிபிக்கின் நடுவே, சுமார் ஐம்பது பேர் வாழும் தீவு. அதன் இறங்குதுறை மிகச் சிறியது, அலையும் முரடு. அதனால் பெரிய கப்பல் வந்தால் தீவு மக்கள் நீள்படகில் கிளம்பி, கயிற்றேணியில் ஏறி, டெக்கில் மேசை போட்டு மரச்சிற்பமும் தேனும் தபால்தலையும் விற்பார்கள். சில மணி நேரத்தில் கடையைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விடுவார்கள். கப்பல் வருகையில் முழுப் பணமும் ஊருக்கே போகிற ஏற்பாடு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

18. நாங்க போற அன்னிக்கு எத்தனை கப்பல் வரும்னு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமா?

முடியும். பெரும்பாலான துறைமுகங்கள் வரும் மாதங்களுக்கான கப்பல் அட்டவணையை இணையத்தில் போடுகின்றன. கப்பல் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றின் கொள்ளளவையும் கூட்டிப் பாருங்கள். 600 பேர் கப்பல் மூன்று வருவது, 5,000 பேர் கப்பல் ஒன்று வருவதைவிட மேல். தீவிலேயே அறை எடுப்பவர்களுக்கும் இந்த அட்டவணை பயன்படும்: கப்பல் நாளில் காலை பத்து முதல் மாலை நான்கு வரை ஊர்மையத்தைத் தவிர்த்து, அதன் பிறகு வெளியே வாருங்கள்.

கப்பலில் வருபவர்களுக்கு: முதல் நெரிசல் வடிந்ததும் எண் சீட்டு தேவையில்லை என்று அறிவிப்பார்கள். அவசரமில்லை என்றால் அதுவரை கப்பலில் இருந்துவிட்டு இறங்குங்கள். திரும்பும்போது கடைசிப் படகை நம்ப வேண்டாம். ஒரு மணி நேரம் முன்னதாகத் துறைக்கு வந்துவிடுங்கள், தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். அந்த வரிசையில் நிழல் கிடைப்பது அபூர்வம்.